பத்தாம் மாதத்துக் கட்டி

1976 தை மாதம் என் பெரியம்மாவுக்கு வளைகாப்பு வைப்பதாக இருந்தது. குன்னத்துக்குப் பக்கத்தில் ஊர். அன்றைக்குப் பெரம்பலூர், அரியலூர் என்று தனி மாவட்டங்கள் கிடையாது. எல்லாமே திருச்சி மாவட்டம்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பெரியம்மாவின் வயிறு மேடிட்டிருந்தது. அம்மாயி கண்ணாடி வளையல் வாங்கி, பழைய சேலைத் துணியில் சுற்றி அடுக்குப்பானைக்குள் வைத்திருந்தாள். வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் பெரியம்மாவுக்கு ரத்தம் போகத் தொடங்கியது. சில பேருக்குக் கருவோடயே தீட்டு வரும், பயப்படாதே என்று ஊர்க் கிழவிகள் சொன்னார்கள். விசேஷத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் போயிற்று. பிள்ளை பிறக்கவில்லை. வைகாசியில் ஊர் மருத்துவச்சியைக் கூப்பிட்டு வயிற்றைப் பார்க்கச் சொன்னார்கள். அவள் விளக்கெண்ணெய் தடவி வெகுநேரம் அழுத்திப் பார்த்துவிட்டு அம்மாயியை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னாளாம்: “ஆயி, இது புள்ள இல்ல. கை காலு தட்டல. மொத்தமா கட்டியாத்தான் உருளுது.”

என் அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. அவள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். பெரியம்மா தன் வாயால் இதைப் பேசியது வெகுகாலம் கழித்துத்தான்.

நான் வரலாறு படித்தவள். மருத்துவச்சி சொன்ன அந்த வாக்கியத்தைப் பல வருடம் கழித்து வேறோரிடத்தில் சந்தித்தேன். சரக சம்கிதையில் குன்மம் பற்றிய அத்தியாயத்தில் ஐந்தாவது வகையாக ‘ரத்த குன்மம்’ வருகிறது. பெண்களுக்கு மட்டுமே உண்டாகும் நோய். கர்ப்பத்துக்கு உரிய குறிகளெல்லாம் இதற்கும் இருக்கும். ஆனால் அசைவு உறுப்பு உறுப்பாகத் தெரியாது, திரண்ட உருண்டையாகத்தான் தெரியும், வலியும் இருக்கும் என்கிறது நூல். அடுத்து மருத்துவருக்கு ஓர் எச்சரிக்கை: பத்தாம் மாதம் கழிந்த பிறகே இதற்கு மருந்து கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பது பிள்ளையா கட்டியா என்று அதற்கு முன் உறுதியாகச் சொல்ல வழியில்லை. தவறினால் கரு அழிந்துவிடும்.

சரகர் காலத்து ரத்த குன்மமும் இன்று நாம் ஃபைப்ராய்டு என்று சொல்லும் நார்த்திசுக்கட்டியும் ஒன்றேதான் என்று நான் சாதிக்க வரவில்லை. பழைய நோய்ப்பெயர்களை இன்றைய பெயர்களின் மேல் அப்படியே பொருத்துவது வரலாற்றுக்காரர்கள் செய்யக்கூடாத வேலை. வயிற்றில் வளர்வது எதுவென்று தெரியாமல் பத்து மாதம் காத்திருந்த பெண்கள் எவ்வளவு காலமாக இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு வரி போதும் என்கிறேன், அவ்வளவுதான். நூலில் அந்த அறிவு வைத்தியருடையதாக இருக்கிறது. எங்கள் ஊரில் அது நாவிதர் குடும்பத்தைச் சேர்ந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவியின் விரல்நுனியில் இருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்தி எடுத்தவள் அவள். அவளுக்குச் சோறு போட்டது கொல்லைப்புறத்தில்தான் என்பதையும் அம்மாதான் சொன்னாள்.

இந்த மண்ணின் மருத்துவ வரலாற்றைத் தேடினால் ஒன்றும் இல்லாமல் இல்லை. அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் வீரராசேந்திரன். அவன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஓர் ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை செய்ய ஒருவர், மருந்து காய்ச்சப் பெண்கள், நாவிதன், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்பதுவரை கணக்கு இருக்கிறது. என்னென்ன எண்ணெய், என்னென்ன லேகியம் இருப்பில் இருந்தன என்ற பட்டியலும் உண்டு. அங்கே படுத்திருந்தவர்களுக்கு என்ன நோய் என்பது மட்டும் இல்லை. கல்வெட்டின் வேலை அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் தேடினேன்.

அரியலூரில் ஒரு நோயாளியின் கதை மட்டும் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நோயாளி அரியலூர்ப் பாளையத்தை ஆண்ட மழவராயர். அவருக்கு ராஜபிளவை வந்து, எந்த வைத்தியத்துக்கும் அடங்கவில்லை. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர் அதைக் குணமாக்கினார் என்றும், நன்றிக்கடனாக மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்றும் மரபு. முதுகில் வந்த கட்டிக்கே ‘ராஜ’ என்று பட்டம் கட்டிய மொழி நம்முடையது! அதே முனிவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு கதை விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்துக்குரியது. அங்கே முகாசாபரூர்க் கச்சிராயருக்குப் பிள்ளையில்லை. கனவில் மாதா வந்து கோயில் கட்டச் சொன்னாள், கட்டினார், பிள்ளை பிறந்தது. கதையில் கச்சிராயருக்குப் பெயர் இருக்கிறது, கனவு இருக்கிறது, குறை இருக்கிறது. பெற்றவளைப் பற்றி நான் கேட்ட எந்தக் கதைசொல்லியும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பெரியம்மாவைத் திருச்சிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். பெரம்பலூருக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. ரத்தம் போய்ப்போய் வெளுத்திருந்தவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மடியில் பழந்துணி மூட்டையோடு அம்மாயி உட்கார்ந்திருந்தாள். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை.

எந்தக் காலம் என்பது தேவை. 1976 ஜனவரி கடைசி நாளில் தமிழ்நாட்டில் திமுக அரசு கலைக்கப்பட்டிருந்தது. நெருக்கடிநிலை நடந்துகொண்டிருந்தது. 1952இல் உலகிலேயே முதல்முறையாகக் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு இது. 1976-77 என்ற அந்த ஒரே கணக்காண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்த வேகத்தில் நாடே பதறியபிறகு, அந்தச் சுமை சத்தமில்லாமல் பெண்கள் மேல் மாற்றிவைக்கப்பட்டது. அது தனிக்கதை. பெரியம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் கருத்தடை ஆபரேஷனுக்கு வந்தவள். நாலு பிள்ளை. “எனக்குப் பணம் குடுத்து நிறுத்துறாங்க, உனக்கு ஆண்டவன் சும்மாவே நிறுத்திட்டான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். பெரியம்மாவும் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பைத்தான் அவள் என்னிடம் முதலில் சொன்னாள். வலியைப் பற்றிப் பேசியது அதற்குப் பிறகுதான்.

ஆனி மாதம் ஆபரேஷன். கட்டி ஒரு பூசணிக்காய் அளவு இருந்ததாகச் சொன்னார்கள். பெரியப்பா காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஊருக்குத் திரும்பியபிறகு பெரியம்மா ஆடி, ஆவணி, புரட்டாசி என்று தீட்டுக்காகக் காத்திருந்தாள். கட்டிதான் போய்விட்டதே, இனி பிள்ளை நிற்கும் என்ற நினைப்பு. தையல் போட்ட இடம் பழுத்து மறுபடி காட்டப் போனபோது ஒரு நர்ஸ் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்: “கர்ப்பப்பையையும் சேத்துல்ல எடுத்தாச்சு, உனக்குத் தெரியாதா?”

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

கருப்பையை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடிந்திருக்குமா? வெகுநாள் இந்தக் கேள்வியோடு அலைந்திருக்கிறேன். கட்டியை மட்டும் நீக்கும் அறுவை புதியதல்ல. 1840களிலேயே அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த அட்லீ சகோதரர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் ரத்தம் பெருகிச் செத்துப்போவார்கள் என்ற அச்சத்தால் கருப்பையோடு வெட்டி எடுப்பதே வழக்கமாக நின்றது. அதை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் போனி. ரத்தப்போக்கை அடக்க ஒரு கிடுக்கி செய்தார். ஒரே கருப்பையிலிருந்து பல கட்டிகளை எடுத்துவிட்டு அதைத் தைத்துக் காப்பாற்றினார். இளம்பெண்ணின் கருப்பையைத் தீங்கற்ற ஒரு கட்டிக்காகப் பறிப்பது அறுவை மருத்துவத்தின் தோல்வி என்று அவர் கருதினார். அவருடைய மனைவி ஆனிக்கே திருமணமான புதிதில் ஃபைப்ராய்டால் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குப் பிள்ளையில்லை. கட்டி தன் வீட்டுக்குள் வந்தபோதுதான் ஓர் ஆண் மருத்துவருக்கு இந்தக் கேள்வி வாழ்நாள் கேள்வியாயிற்று என்று ஏளனமாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வீட்டுக்குள் வந்தும் கேட்காதவர்களை எனக்குத் தெரியும். ஆகவே போனிக்கு வணக்கம்.

1976இல் பெரியம்மாவின் உடம்பில் ரத்தமே இல்லை. அவ்வளவு பெரிய கட்டி. கருப்பையை எடுத்ததுதான் உயிரைக் காப்பாற்றியது என்று இன்றைய மருத்துவர் ஒருவரும் சொல்லக்கூடும். அதை நான் மறுக்க மாட்டேன். அவளிடம் சொல்லாமல் எடுத்ததற்கும் ரத்தம் இல்லாததற்கும் என்ன சம்பந்தம்?

அந்த நிலைக்கு வருவதற்கு முன்னாலேயே அவளை ஏன் யாரும் ஒரு மருத்துவரிடம் காட்டவில்லை என்பதற்கு நூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது. 1844இல் எழும்பூரில் பிரசவ மருத்துவமனை தொடங்கியாயிற்று. ஆனால் ஆண் மருத்துவர் தொடுவதற்கு வீட்டு ஆண்கள் சம்மதிக்காததால் பெண்கள் வீட்டிலேயே செத்தார்கள். இதைக் கண்ணால் கண்ட மேரி ஷார்லிப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். 1885இல் சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ‘சாதிப் பெண்கள்’ என்று பெயரிலேயே எழுதிவைத்துத் தொடங்கியதையும் கவனிக்க வேண்டும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஆண் மருத்துவரை ஏற்க மறுத்து, மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். வேலூர் மருத்துவமனை அப்படி வந்தது. இவையெல்லாம் சென்னை, வேலூர், திண்டிவனம். கரிசலில் பருத்தியும் சோளமும் போட்டுக்கொண்டிருந்த எங்கள் பக்கத்துக்கு மருத்துவச்சிதான் கடைசி எல்லை. 1976இலும் அவளே.

இப்போது ஒரு வேடிக்கையான செய்தி. வயிற்றைத் திறக்காமலேயே உள்ளே இருப்பது பிள்ளையா கட்டியா என்று காட்டும் ஸ்கேன், பிறந்ததே ஃபைப்ராய்டிலிருந்துதான். 1955 ஜூலையில் கிளாஸ்கோவின் மகப்பேற்று மருத்துவர் இயான் டொனால்ட், தான் அறுத்தெடுத்த ஃபைப்ராய்டுகளையும் சினைப்பைக் கட்டிகளையும் இரண்டு கார்களின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியலையால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வாங்கி வைத்திருந்தார்கள். கெட்டியான கட்டி ஒரு மாதிரியும் நீர்க்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தது. 1958இல் அவர் கட்டுரை வெளியிட்டார். வயிற்றுப் புற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு உள்ளே இருந்தது எடுத்துவிடக்கூடிய சினைப்பைக் கட்டி என்று கண்டுபிடித்ததும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. திருச்சி பெல் ஆலையில் கொதிகலன் செய்யும் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் இதைச் சொன்னேன். “வெல்டிங்ல ஓட்டை பாக்குற மிஷின்தானே, எங்ககிட்ட எழுபதுகள்லயே இருந்துச்சே” என்றார். குன்னத்திலிருந்து ஐம்பது மைல்கூட இருக்காது.

பிறகு அந்தக் கருவி எங்கள் ஊருக்கும் வந்தது. எதற்கு வந்தது என்று மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் தெரியும். 1994இல் கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தபிறகும், 2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 900 பேர்கூட இல்லை. மாநிலத்திலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ள மாவட்டங்களில் அதுவும் ஒன்று. பெரியம்மாவின் கட்டியைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய மிஷின், வராத பேத்திகளை எண்ணப் பயன்பட்டது.

2019இல் நானும் அந்த மிஷின் முன்னால் படுத்தேன். கல்யாணமாகி நான்கு வருடம், எனக்கு 34 வயது. குளிர்ந்த களிம்பைத் தடவி உருட்டிக்கொண்டே, “கர்ப்பப்பையில கட்டி இருக்கு” என்றார் ஸ்கேன் எடுத்த பெண். ஐந்து சென்டிமீட்டர். வீட்டுக்கு வருவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாமியார் நிம்மதியாக மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. காரணம் கிடைத்துவிட்டது அல்லவா. ‘பெரியம்மா வழி’ என்று என் அம்மாவே சொன்னாள். கட்டியை எடுத்துவிட்டு நேராகச் செயற்கைக் கருத்தரிப்புக்குப் போய்விடலாம் என்று ஒரு தனியார் மையத்தில் தவணைமுறையோடு சேர்த்துச் சொன்னார்கள். திருச்சி பஸ்களின் முதுகில் சிரிக்கும் குழந்தைப் படங்களோடு வரும் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறப்பைக் குறைப்பதற்கு எழுபது வருடம் பாடுபட்ட அரசு, பிறக்காததைப் பற்றி அக்கறை கொண்டு எழும்பூரில் தன் முதல் செயற்கைக் கருத்தரிப்பு மையத்தைத் திறந்தது இந்தப் பத்தாண்டில்தான். நடுவில் இருந்த காலியிடம் முழுவதையும் சந்தை எடுத்துக்கொண்டது.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் வயதானவர், அதிகம் பேசாதவர். ஒரு தாளில் பேரிக்காய் மாதிரி கருப்பையை வரைந்தார். கட்டி உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் கரு தங்குவதைக் கெடுக்கும், அதை எடுப்பது நல்லது. தசைச் சுவருக்குள் இருந்தால் அளவையும் இடத்தையும் பொறுத்து யோசிக்க வேண்டும். வெளிப்புறமாக வளர்ந்திருந்தால் பிள்ளைப்பேற்றுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. ஐம்பது வயதுக்குள் பெண்களில் பெரும்பாலோருக்குச் சிறிதோ பெரிதோ இந்தக் கட்டி வந்துவிடுகிறது. புற்றாக இருப்பது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. பிள்ளையின்மைக்கு இது ஒன்று மட்டுமே காரணமாக இருப்பது நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான். என்னுடையது வெளிப்புறக் கட்டி. “இதை விட்டுடும்மா. உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?” என்றார்.

நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. முந்நூறு ரூபாய்ச் சோதனை. அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆயிற்று. முடிவில் எண்ணிக்கை மிகக் குறைவு என்று வந்தது. அந்தத் தாளை என் கணவர் யாரிடமும் காட்டவில்லை. ஊரில் இன்றைக்கும் எனக்குத்தான் கட்டி.

‘மலடன்’ என்ற சொல் அகராதியில் இருக்கிறது. ஊர்ச்சண்டையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரியப்பா 1977இல் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். சின்னவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. சிறுவாச்சூர் மதுரகாளிக்கு எத்தனை வெள்ளிக்கிழமை போயிருப்பாள் என்று கணக்கில்லை. பெரியவளின் பொறாமைக் கண், பெரியவளின் வயிற்றெரிச்சல் என்று ஊர் அதற்கும் காரணம் கண்டுபிடித்தது. இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரகரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். ஆனால் பார்க்கவில்லை. பெரியம்மாவின் வயிற்றில் கட்டி இருந்தது உண்மை. அது பன்னிரண்டு வருடமும் இருந்ததா, அதனால்தான் பிள்ளையில்லையா என்பதை எந்த ஆவணமும் இனிச் சொல்லாது.

இதை ஒரு பழைய காலத்துக் கதையாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில், 82,000-க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பை இல்லாதவர்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம், அதனால் இருபதுகளிலேயே எடுத்துக்கொண்டவர்களும் அதில் உண்டு. கட்டி, புற்று வரும் என்று பயமுறுத்தி எடுக்கப்பட்டவர்களும் உண்டு. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் கருப்பை நீக்கப்பட்ட வழக்கில், இதைக் கண்காணிக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2023 ஏப்ரலில். தமிழ்நாட்டில் 15இலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மாதாமாதம் துணி துணியாக நனைப்பதைச் சாதாரணம் என்று பொறுத்துக்கொண்டு, கடைசியில் அறுவை ஒன்றுதான் வழி என்ற இடத்துக்கு வந்து சேர்பவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா இறந்துவிட்டார். பெரியம்மாவும் சின்னவளும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு எண்பது வயது. கண்புரைக்கு ஆபரேஷன் செய்து, இப்போது நன்றாகப் பார்க்கிறாள். இந்தக் கட்டுரைக்காகக் கேட்கிறேன் என்று சொல்லித்தான் கேட்டேன். அன்றைக்கு உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் பெரிம்மா?

“எடுக்கச் சொல்லியிருப்பேன்” என்றாள் உடனே. “உசுரு போயிருமில்ல? எடுத்துக்கங்கன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நா சொல்லியிருப்பேன்.”

பிறகு என் கட்டியின் படத்தைக் கேட்டாள். கைப்பையில் இருந்தது. அந்த வழவழப்பான சின்னத் தாளை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். சின்னவளும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இதுல எது கட்டி, எது புள்ள இருக்குற எடம்?” என்றாள் பெரியம்மா.

விரலை வைத்துக் காட்டினேன்.